நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டர்

டேப்புக்குச் சனிக்கிழமையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறான், எழுந்தால் ஜன்னலைத் திறக்கிறான், எதற்குத் திறந்தோம் என்று யோசித்துவிட்டு மூடுகிறான். பார்த்தவர்களெல்லாம் சந்தோஷம் தாங்காமல் அலைகிறான் என்றார்கள். சொந்தக் கையால் ஒரு கம்ப்யூட்டரையே கட்டி முடித்தவன் அலையத்தானே செய்வான்?

அலைச்சலுக்குக் காரணம் அதுவல்ல. உண்மையான காரணம் அவனுக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும் மட்டும்தான் தெரியும். கம்ப்யூட்டர் வாயைத் திறக்காது. அவனும் திறப்பதாக இல்லை.

டேப்பு என்பது தெரு வைத்த பெயர். கூரியர் கம்பெனி ஒன்றின் பேக்கிங் பிரிவில் வேலை. இடுப்பில் எந்நேரமும் ஒரு டேப் சுருள் தொங்கும். அவன் கட்டிய பெட்டியை மாடியிலிருந்து உருட்டிவிட்டாலும் உள்ளே இருக்கிற கண்ணாடிக் கோப்பைக்குத் தூக்கம் கலையாது என்று ஆபீசில் சொல்வார்களாம். சொல்வார்களாம் என்று சொன்னது அவன் அம்மா. உலகத்தில் நடக்கிற கெடுதல் அத்தனையும் ஏதோ ஒன்று ஆடுவதால்தான் நடக்கிறது என்பது அவன் கட்சி. வீட்டுக்குள் போய்ப் பாருங்கள்: மேஜைக்காலின் அடியில் மடித்த அட்டை, கதவுக்கும் நிலைக்கும் நடுவே துணி, டிவியின் முதுகில் ஸ்பாஞ்ச். அந்த வீட்டில் எதுவும் ஆடாது. இப்போது ஆடுகிறவன் அவன் ஒருத்தன்தான்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகில் மானிட்டர் கேபிளைச் செருக இரண்டு இடங்கள் இருந்தன. மேலே ஒன்று, மதர்போர்டோடு கூடவே வருவது. கடிதம் அடிக்க, கணக்குப் பார்க்க, சினிமா பார்க்க அது போதும். கீழே இன்னொன்று, தனியாக வாங்கி மாட்டிய கிராஃபிக்ஸ் கார்டில் இருப்பது. செங்கல் கனத்தில், வரிசையாகக் காற்றாடி வைத்த கார்டு. பெரிய பெரிய படங்களின் பாரத்தைச் சுமக்க வேண்டியது அதுதான். சனிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் பூட்டி முடித்து, கேபிளைக் கீழே செருகிப் பொத்தானை அழுத்தினான். காற்றாடி சுற்றியது, கார்டின் ஓரத்தில் நீலவிளக்கு எரிந்தது. மானிட்டர் மட்டும் ‘சிக்னல் இல்லை’ என்று ஒரு வரி எழுதிக் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்தா அம்மா எதிர்வீட்டுத் தையல்கார அக்காவைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும்? “உள்ள வந்து பாரு, என் புள்ள கையாலேயே பண்ணியிருக்கான்” என்ற குரல் படியேறி வந்துகொண்டிருந்தது. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் நின்றவன், கேபிளைக் கீழேயிருந்து உருவி மேலே செருகினான். படம் வந்துவிட்டது. அம்மா கன்னத்தில் கைவைத்தாள். அக்கா “அட!” என்றாள். அவன் மனைவி, பாவம், அவன் தோளைத் தட்டி, “நான்கூட நம்பலீங்க” என்றாள்.

அவன் பொய் எதுவும் சொல்லவில்லை. சும்மா நின்றான், அவ்வளவுதான். சும்மா நிற்பதில் எத்தனை பெரிய பொய்யைச் சொல்ல முடியும் என்பது அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் உறைத்தது.

வேறு யாராவதாக இருந்தால் ஒரு போன் போட்டிருப்பார்கள். மனைவியின் தம்பி கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறான். பாகங்கள் வாங்கிய அன்றே அவன், “அத்தான், ஞாயித்துக்கிழமை வந்து பூட்டிக் கொடுத்துடறேன்” என்று சொன்னான். இவன்தான், “மாப்ளே, நான் மாசம் ஆயிரம் பொட்டி கட்றவன். ஒரு பொட்டிக்குள்ள நாலு சாமானை வைக்கத் தெரியாதா?” என்று வாயைக் கொடுத்துவிட்டான். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, “வைக்கறது வேற, ஓட வைக்கறது வேற அத்தான்” என்றான். இந்தப் பேச்சை மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள், அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா கேட்டால் தெரு கேட்ட மாதிரி.

போகட்டும், யாருக்காவது ஒரு விளையாட்டுக் கம்ப்யூட்டர் என்றால் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். இது அவன் மனைவியின் பிழைப்பு. அவள் ஒரு பர்னிச்சர் ஷோரூமில் சமையலறை வரைபவளாக இருந்தாள். அலமாரி எங்கே, அடுப்பு எங்கே, சிங்க் எங்கே என்று கம்ப்யூட்டரில் வரைந்து, உள்ளே நடந்துபோகிற மாதிரிச் சுற்றிக் காட்டுகிற வேலை. இனிமேல் சொந்தமாகச் செய்கிறேன் என்று சொல்லி வேலையை விட்டிருந்தாள். ஷோரூம் கொடுத்திருந்த லேப்டாப்பையும் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. மேனேஜர் வழியனுப்பும்போது, “திரும்பி வந்தா கேஷ் கவுண்டர்லதான் சீட் இருக்கும்” என்று சொல்லிப் பல்லைக் காட்டினாராம்.

முதல் வாடிக்கையாளர் வீடு கட்டி விற்கிறவர். அவர் தன் சொந்த வீட்டுக்கே சமையலறை வரையச் சொல்லியிருக்கிறார். பிடித்துவிட்டால் கட்டுகிற வீட்டுக்கெல்லாம் இவள்தான். திங்கட்கிழமை நாலு மணிக்கு வீடியோ காலில் அவரும் அவர் மனைவியும் வருவார்கள். அவர்கள் கேட்கிற மாற்றத்தை அங்கேயே, அப்போதே செய்து காட்ட வேண்டும். அந்த மனைவி கொஞ்சம் பொறுமை குறைந்தவர் என்று முன்கூட்டியே சொல்லியும் விட்டார் மனுஷன்.

இன்றைக்குத் திங்கட்கிழமை.

காலையிலேயே மனைவி உட்கார்ந்து படத்தைத் திறந்தாள். டேப்பு லீவு போட்டுவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால் நின்றான். சமையலறை வந்தது. அவள் அதைத் திருப்பினாள். அது திரும்ப யோசித்தது. பாதி திரும்பி நின்றது. அலமாரிக் கதவெல்லாம் சாம்பல்நிறக் கட்டையாகி, கொஞ்சம் கொஞ்சமாக மரமானது.

“ஏங்க, இது ஏன் இப்படி நொண்டுது?”

“புதுசு இல்ல, பழகணும்.”

“செருப்பாங்க இது, பழகறதுக்கு?”

“எல்லா மெஷினும் அப்படித்தான். முதல்ல கொஞ்சம் சண்டி பண்ணும்.”

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் ஜன்னலைத் திறக்கப் போனான்.

நல்லவேளையாக அவளுக்கு வெளியே ஒரு வேலை இருந்தது. கல் கடைக்குப் போய் மேடைக்கல் மாதிரிகளைப் போட்டோ எடுத்துவர வேண்டும். அவள் செருப்பு மாட்டியது, தெருமுனை திரும்பியது, இவன் மொட்டைமாடிப் படிக்கட்டுக்கு ஓடியது எல்லாம் ஒரே மூச்சில் நடந்தன.

“மாப்ளே, வேலையா இருக்கியா? ஒரு சின்னச் சந்தேகம். எனக்கில்ல. ஆபீஸ்ல ஒரு நண்பர். புதுசா கம்ப்யூட்டர் பண்ணியிருக்கார்.”

“அப்படியா அத்தான்? சொல்லுங்க.”

“கேபிளை மேல போட்டா படம் வருது. கார்டுல போட்டா வரல. காத்தாடியெல்லாம் சுத்துது.”

“ம். நண்பர் எப்படிப்பட்ட ஆளு? சொன்னா கேக்கற ஆளா?”

“நல்ல மனுஷன்தான்.”

“கையில டேப்பு வச்சிருப்பாரா?”

டேப்பு இரண்டு படி இறங்கி ஒரு படி ஏறினான். “மாப்ளே, விளையாடாத. அவர் ரொம்பக் கவலையா இருக்கார்.”

“சரி, சரி. நண்பர்கிட்ட சொல்லுங்க: கேபிளை மாத்திப் பாக்கச் சொல்லுங்க. கார்டுக்குப் போற பவர் ஒயர் முழுசா உள்ள போயிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. அப்புறம் கார்டைக் கழட்டி, நேரா, ‘டக்’னு சத்தம் கேக்கற வரைக்கும் அழுத்தி மாட்டச் சொல்லுங்க. பத்துல ஒம்பது இதுலயே முடிஞ்சிடும். முடியலன்னா நண்பர் வீட்டு அட்ரஸ் கொடுங்க, நானே போறேன்.”

“அதெல்லாம் அவருக்குப் பிடிக்காது” என்று சொல்லி வைத்தான்.

உள்ளே வந்து கம்ப்யூட்டரை அணைத்துப் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றினான். உள்ளே பார்த்தால் உண்மையிலேயே கண்கொள்ளாக் காட்சி. ஒயர் ஒவ்வொன்றும் நேர்கோட்டில், பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கியபடி, ராணுவ அணிவகுப்பு மாதிரி நின்றது. கார்டுக்குக் கீழே, அதற்கும் அடித்தட்டுக்கும் நடுவே, வெள்ளைத் தெர்மாகோலைக் கத்தியால் இழைத்து அளவாகச் செருகியிருந்தான். செங்கல் கனத்தைத் தூக்கிக்கொண்டு அந்தரத்தில் நிற்கிற சாமானை அப்படியே விட எந்த பேக்கிங்காரனுக்கு மனசு வரும்? முட்டுக் கொடுத்து, முட்டோடு சேர்த்து ஒரு டையும் போட்டிருந்தான்.

டையை வெட்டினான். தெர்மாகோலை உருவி மேஜைமேல் வைத்தான். கார்டைக் கழற்றினான், ஊதினான், நேராக வைத்து அழுத்தினான். ‘டக்’. மாப்பிள்ளை சொன்ன அதே டக்! அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பவர் ஒயரை அழுத்தினான். பிறகு, பல் தேய்த்தவன் வாய் கொப்பளிக்கிற மாதிரி, கை தானாகத் தெர்மாகோலை எடுத்து முன்னோரத்துக்கு அடியில் திணித்து, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, புது டை போட்டு இறுக்கியது. அதற்கப்புறம்தான் கேபிளைக் கீழே செருகிப் பொத்தானை அழுத்தினான்.

சிக்னல் இல்லை.

வேறு கேபிளைப் போட்டான். சிக்னல் இல்லை. மானிட்டரின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினான், மெனு வேற்று மொழிக்கு மாறியதுதான் மிச்சம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் மானிட்டர் கோணல், சுவர்ப் பிளக் கோணல், தெருவில் வருகிற கரண்ட்டே கோணல் என்று வரிசையாக எல்லோரையும் சந்தேகப்பட்டான். மறுபடியும் கார்டைக் கழற்றினான். மறுபடியும் டக். மறுபடியும் தெர்மாகோல், தட்டு, டை. மறுபடியும் இருட்டு. சந்தேகப்பட வேண்டிய பட்டியலில் தன் கையை மட்டும் அவன் சேர்க்கவே இல்லை.

“டேய், கண்ணு, திறந்து வச்சிருக்கியா?” என்று அம்மா எட்டிப் பார்த்தாள். பின்னாலேயே தையல்கார அக்கா, தோளில் அளவுநாடா, கையில் பாதி தைத்த சட்டையோடு. “அக்கா உள்ளுக்குள்ள எப்படி இருக்குன்னு பாக்கணுமாம்.”

“இப்ப வேணாம்மா.”

“ஏன், அறுவை சிகிச்சையா நடக்குது?” என்று சொல்லிக்கொண்டே அக்கா உள்ளே வந்து குனிந்தாள். “அடேங்கப்பா. விளக்கெல்லாம் எரியுது. ஏன் தம்பி, டிவி மட்டும் கறுப்பா இருக்கு?”

“ஓய்வு கொடுத்திருக்கேன்க்கா.”

“டிவிக்கு ஓய்வு. எங்க வீட்டுல எனக்கே கிடையாது.” அவள் ஒரு நாற்காலியை இழுத்தாள். உட்காரப் போகிறாள்! உட்கார்ந்தால் அவள் எழுந்திருக்க ஒரு பஞ்சாயத்துக் கூட்ட வேண்டும். டேப்பு அந்த நாற்காலியின் கால் ஆடுகிறது என்று சொல்லி அதை அப்படியே தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனான். அவன் வீட்டில் நாற்காலிக்கால் ஆடுகிறது என்றால் எங்கேயோ ஏதோ பெரிதாக ஆடுகிறது என்று அக்கா அப்போதே குறித்துக்கொண்டாள். வாய்தான் பெரிதே தவிர, கண்ணும் சின்னதில்லை.

அவர்களை அனுப்பிவிட்டுத் திரும்பினால் வாசலில் மனைவியின் செருப்புச் சத்தம். கல் கடை சீக்கிரம் முடிந்துவிட்டது. டேப்பு மேஜைக்கு அடியில் பாய்ந்து, கேபிளைக் கீழேயிருந்து உருவி மேலே செருகி, கண்ணாடியை மூடி, எழும்போது மண்டையை மேஜையில் இடித்துக்கொண்டான். படம் வந்துவிட்டது.

“கீழ என்ன பண்றீங்க?”

“தூசி.”

அவள் உட்கார்ந்தாள். மேடைக்கல் போட்டோக்களைப் படத்துக்குள் ஏற்றினாள். நாலு மணிக்குப் பேசப்போவதை ஒத்திகை பார்க்க ஆரம்பித்தாள். “இப்ப நீங்க வாசல்லேர்ந்து உள்ள வர்றீங்க மேடம்...” என்று சொல்லிக்கொண்டே மவுஸை நகர்த்தினாள். படம் நகரவில்லை. “கொஞ்சம் இருங்க மேடம்” என்றாள், இல்லாத மேடத்திடம். நகர்ந்தது, நின்றது. “கொஞ்சம் இருங்க.” சிங்க்கைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்தாள். சமையலறையே உறைந்துபோனது. காற்றாடி மட்டும் உஸ்ஸென்று சுற்றியது, பெருமூச்சு விடுகிற மாதிரி.

டேப்பு கதவோரம் நின்று விரல் நகத்தால் டேப் சுருளின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தான். நுனியைக் கண்டுபிடிப்பான், ஒட்டுவான், மறுபடியும் தேடுவான்.

அவள் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: “நான்தான் தப்பா வரைஞ்சிட்டேன்போல. ரொம்பப் பெரிசா வரைஞ்சிட்டேன். ஷோரூம்ல எல்லாம் அவங்க வச்சுக் கொடுத்தாங்க, அதனால ஓடிச்சு. தனியா செய்ற அளவுக்கு எனக்கு விஷயம் பத்தல.”

“சேச்சே, அப்படியெல்லாம் இல்ல.”

“இல்லீங்க. அவங்க முன்னாடி இப்படி நின்னுச்சுன்னா அசிங்கம். முன்னாடியே வேணாம்னு சொல்லிடறது மரியாதை. மேனேஜர்கிட்டயும் பேசிடறேன். கேஷ் கவுண்டர்னா கேஷ் கவுண்டர்.” அவள் போனை எடுத்து எண்ணைத் தேடினாள்.

டேப்பு இத்தனை நேரம் பயந்ததெல்லாம் மாப்பிள்ளை சிரிப்பானே, அம்மா முகம் வாடுமே, தெரு பேசுமே என்றுதான். இவள் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்வாள் என்பது அவன் கணக்கிலேயே இல்லை. விரல் அவள் போனில் இறங்குவதற்குள், “வேணாம்! கேபிள் தப்பான இடத்துல இருக்கு” என்று கத்திவிட்டான்.

“என்ன?”

“கார்டு வேலையே செய்யல. நான்தான் மேல சொருகி வச்சிருக்கேன். உன் படத்துல ஒண்ணும் தப்பில்ல. இந்தப் பாவி கார்டு சும்மா காத்தாடி சுத்திக்கிட்டு உக்காந்திருக்கு.”

“எப்பலேர்ந்து?”

அவன் ஜன்னலைப் பார்த்தான்.

“ஏங்க. எப்பலேர்ந்து?”

“சனிக்கிழமைலேர்ந்து.”

அவள் எழுந்தாள். “நான் தோளைத் தட்டினேனே, அப்பவே?”

“அதுக்குக் கொஞ்சம் முன்னாடி.”

அவள் அப்போது பார்த்த பார்வையைப் பற்றி அவன் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. கழுத்தை மட்டும் ஒருமுறை தடவிக்காட்டுவான். அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “காலைலேர்ந்து என்னை நானே திட்டிக்கிட்டு இருக்கேன். பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தீங்க இல்ல? திறங்க அதை.”

அவன் கண்ணாடியைக் கழற்றினான். அவள் தம்பிக்கு வீடியோ கால் போட்டுப் போனைப் பெட்டிக்கு நேராகப் பிடித்தாள்.

“அட, அக்கா! அத்தானோட நண்பர் வீட்டுலயா இருக்கே?” என்றான் மாப்பிள்ளை.

“நண்பர் இங்கதான் நிக்கறார். சிரிக்கறதை எல்லாம் நாலு மணிக்கு மேல வச்சுக்கோ. இப்ப வழி சொல்லு.”

மாப்பிள்ளையின் குரல் மாறிவிட்டது. ஒயரைக் காட்டச் சொன்னான், கிட்டே போகச் சொன்னான். போனில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் நீலமாகக் கரைந்தது. “கழட்டி மாட்டினீங்களா அத்தான்?” “மாட்டினேன்.” “டக்னு கேட்டுச்சா?” “கேட்டுச்சு, ரெண்டு தடவையும்.” “அப்ப கார்டே போச்சோ என்னமோ. கடைல மாத்தணும். இன்னிக்கு ஆகாது.”

டேப்பு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மனைவி உட்காரவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பெட்டிக்குள்ளே பார்த்தாள். நாள் முழுக்க அலமாரித் தட்டுக்கு மட்டம் பார்க்கிற கண்.

“இது கோணலா இருக்கு.”

“எது?”

“உங்க கார்டு. பாருங்க, முன்னோரம் மேல தூக்கியிருக்கு. இதுமாதிரி ஒரு ஷெல்ஃப் மாட்டினா வச்ச டப்பா எல்லாம் உருண்டு வந்துடும்.”

“அது தூக்கல. அது தொங்காம இருக்கறதுக்கு நான் கீழ தெர்மாகோல்...”

“தெர்மாகோலா?” என்றது போன். “அத்தான், கம்ப்யூட்டருக்குள்ள தெர்மாகோல் எங்க வந்துச்சு?”

“முட்டு, மாப்ளே. ஆடாம இருக்க.”

 மாப்பிள்ளை வாயைக் கையால் பொத்திக்கொண்டிருக்கிறான் என்பது படத்தில் தெரிந்தது. “அத்தான். அது ஒரு பக்கம் தூக்கினா மறுபக்கம் போர்டுல சொருகின பல்லு வெளிய வந்துடும். நீங்க டக்னு மாட்டி, அப்புறம் நீங்களே நெம்பி எடுத்துட்டீங்க. அதை உருவுங்க.”

“உருவினா கார்டு தொங்கும்டா! எவ்வளவு கனம் தெரியுமா?”

“தொங்கட்டும்.”

“ஒடிஞ்சா?”

“ஏங்க,” என்றாள் மனைவி, “நகருங்க.” கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, கத்தரிக்கோலை எடுத்து டையை வெட்டி, தெர்மாகோலைப் பிடித்து இழுத்தாள். அது க்ரீச்சென்று ஒரு சத்தம் போட்டது, அவன் பல்லெல்லாம் கூசியது. கார்டு ஒரு மயிரிழை கீழே இறங்கி நின்றது. அவள் அதை உள்ளங்கையால் அழுத்தினாள். டக்.

கேபிள் கீழே போனது. பொத்தான். மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. மூன்று பேரும் மூச்சுவிடவில்லை, போனில் இருந்தவன் உட்பட. பிறகு ஒரு வெளிச்சம், எழுத்து, படம். படம் மட்டும் தடித்தடியாக, கண்ணாடியைத் தொலைத்தவன் பார்க்கிற மாதிரி வந்தது.

“பயப்படாதீங்க,” என்றான் மாப்பிள்ளை. “கார்டு வந்துடுச்சு, அதை ஓட்டறதுக்கு டிரைவர்னு ஒரு சாஃப்ட்வேர் ஏத்தணும். நான் சொல்றதை அமுக்கு அக்கா.”

டிரைவர் ஏறுகிற பட்டை நத்தையாக நகர்ந்தது. கடிகாரம் குதிரையாக ஓடியது. டேப்பு அறைக்கும் கூடத்துக்கும் நடந்தான். தம்பி போனை வைத்தான்; பட்டை பாதியில் இருக்கும்போதே அவள் போன் அடித்தது. வீடு கட்டுகிறவர்தான். “கொஞ்சம் முன்னாடியே வந்துட்டோம், ஆரம்பிக்கலாமா? இவங்களுக்கு வேற வேலை இருக்காம்.” பின்னால் அவர் மனைவியின் குரல் கேட்டது: “ரெடியா இல்லன்னா இன்னொரு நாள் பாக்கலாம்னு சொல்லுங்க.”

அதே நொடியில் மானிட்டர் கறுப்பாகிப்போனது.

டேப்பின் கை பெட்டியை நோக்கிப் பறந்தது. மனைவி அதை நடுவழியில் பிடித்தாள். “தொட்டீங்கன்னா பாருங்க” என்று உதடு மட்டும் அசைந்தது. போனில் தேனாகப் பேசினாள்: “ரெடி சார். நீங்க லிங்க்கைத் திறங்க, நான் உள்ள வரேன்.” மானிட்டர் கண்ணைச் சிமிட்டியது. திறந்தபோது எல்லாம் ஊசிமுனையாகத் தெரிந்தது. டிரைவர் ஏறும்போது ஒருமுறை அப்படி அணைந்து எழும் என்று மாப்பிள்ளை அப்புறம் சொன்னான். முன்னாலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அத்தானுக்கு அந்த அளவுக்காவது ஒரு தண்டனை வேண்டாமா என்று நினைத்தானோ என்னவோ.

“நீங்க வெளிய போங்க,” என்றாள் மனைவி. “நீங்க நின்னா எனக்குக் கை ஆடுது.”

அவன் வெளியே வந்து கதவைச் சாத்தினான். படிக்கட்டில் அம்மாவும் தையல்கார அக்காவும் நின்றிருந்தார்கள், தற்செயலாக வந்தவர்கள் மாதிரி. சட்டை இன்னும் பாதிதான் தைத்திருந்தது.

“என்னடா சத்தம் உள்ள?” என்றாள் அம்மா.

உள்ளே பேச்சு தொடங்கியிருந்தது. சாத்திய கதவின் வழியாக வாடிக்கையாளர் மனைவியின் குரல் கறாராக வந்தது: “சிங்க் ஏன் இங்க இருக்கு? ஜன்னல்கிட்ட வைங்க.”

டேப்பு மூச்சைப் பிடித்தான். இப்போது ‘கொஞ்சம் இருங்க’ வரும். வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

“வச்சாச்சு மேடம்” என்றாள் அவன் மனைவி.

“ஓ. அப்ப அடுப்பு இந்தப் பக்கம் வரணுமே.”

“வந்தாச்சு.”

“கல்லு ரொம்ப வெளுப்பா இருக்கு.”

“இது பாருங்க. இல்ல, இது. வாசல்லேர்ந்து பாக்கறீங்களா? வாங்க.”

“உள்ள போய்க்கிட்டே இருக்கோம்!” என்றது அந்தக் குரல், முதல்முறையாகக் கொஞ்சம் இளகி. “என்னங்க, இங்க பாருங்க, சாயங்கால வெயில் எப்படி விழுதுன்னு.”

டேப்பு படியில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அக்கா அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். “என்ன தம்பி, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு? சனிக்கிழமைலேர்ந்து நானும் பாக்கறேன். அந்தக் கம்ப்யூட்டர் நீங்க பண்ணதுதானே?”

அம்மா முந்திக்கொண்டாள். “பின்ன யாரு பண்ணா? என் புள்ள...”

“அம்மா, இரு” என்றான் அவன். தெருவிலேயே பெரிய வாய் எதுவோ அதைப் பார்த்து, ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னான். கேபிளை மேலே செருகியது, டிவிக்கு ஓய்வு என்றது, மாப்பிள்ளைக்கு நண்பர் கதை விட்டது, மனைவி தன்னைத்தானே திட்டிக்கொண்டது, தெர்மாகோல், அவள் கண்டுபிடித்தது. அக்கா நடுவில் ஒருமுறை, “தெர்மாகோல் எந்தப் பக்கம்னு சொன்னீங்க?” என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டாள். கதையில் பிழை வரக்கூடாது அவளுக்கு.

“அப்ப ஓட வச்சது அவளா?” என்றாள்.

“அவதான்.”

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு நிமிஷம்தான். அப்புறம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “பாத்தியா, என் மருமக கண்ணைப் பாத்தியா? பொண்ணு பாக்கப் போனப்பவே நான் சொன்னேன்” என்று ஆரம்பித்தாள். அப்போது உண்மையில் என்ன சொன்னாள் என்பது மருமகளுக்குத் தெரியும், நாமும் ஊகிக்கலாம். விடுங்கள்.

அக்கா அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். “அடுப்புல பால் வச்சிட்டு வந்தேன்” என்றாள். பாலாவது மோராவது. முதல் இரண்டு படிகளை மரியாதைக்காக மெதுவாக இறங்கினாள். அதற்கப்புறம் செருப்புச் சத்தம் தெருவைத் தாண்டி, தன் வீட்டையும் தாண்டி, வேகமாகப் போய்க்கொண்டே இருந்தது.

கதவுக்குப் பின்னால் அந்த அம்மாள், “சிங்க்கைப் பழைய இடத்துலயே வச்சிடுங்க” என்றாள்.

“வச்சாச்சு மேடம்.”